அரை கிரெடிட்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வழிகாட்டி என்று ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட், அதாவது பாடத்தை முடித்ததற்கான புள்ளி, வேண்டும், எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய ஒரே வேலை. அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பலூன் சார்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவர் 'உயர்கல்வி வழிகாட்டல் மாலை' என்று ஒன்று நடத்துவார். அரங்கத்தின் நான்கு மூலையிலும் பலூன் கட்டுவார். மேடையில் ஏறியதும் திரையில் ஒரு மலை வரும். மலை உச்சியில் ஒருத்தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். அடுத்தது ஒரு படிக்கட்டு, அதற்கடுத்தது ஒரு சூரியன். ஒன்றரை மணி நேரம் வாய்ப்பந்தல் போடுவார். கிரெடிட் என்ற சொல் ஒரு தடவைகூட வராது. போன வருஷம் ஒரு அம்மாள் எழுந்து, இரண்டாவது மொழிப்பாடம் கட்டாயமா இல்லையா என்று கேட்டாள். மொழி என்பது மனசோட ஜன்னல் அம்மா என்றார் இவர். அந்த அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் வருகைப் பதிவேடு இருந்ததால் விட்டுவிட்டேன்.

நான் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தர். இருபத்தோரு வருஷமாக அலுவலகத்தின் இரண்டாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பிள்ளை இந்தக் கட்டடத்துக்குள் வருவதும் வெளியே போவதும் என் முத்திரை இல்லாமல் நடக்காது. முகத்துக்கு நேரே என்னை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பலூனுக்கு அது எவ்வளவோ மேல்.

பெற்றோர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாணவர் கையேடு என்று நாற்பத்து நான்கு பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுக்கிறோம். தட்டச்சு செய்தது நான்தான். கடைசிப் பக்கத்தில் 'படித்துப் புரிந்துகொண்டோம்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் அச்சகத்துக்காரன் இருபதாம் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வரை இல்லாமலே தைத்து அனுப்பிவிட்டான். முந்நூற்றுப் பத்து வீட்டிலிருந்தும் படித்துப் புரிந்துகொண்டோம் என்று கையெழுத்து வந்தது. என்ன புரிந்துகொண்டார்களோ.

இதற்கெல்லாம் மேலே கணினி ஒன்று வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு திரை. தோற்ற பாடம் சிவப்பு, இன்னும் எடுக்காத பாடம் மஞ்சள், பாக்கி இல்லாதது பச்சை. பலூன் சார் திரையைத் திறப்பார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு தூரத்திலிருந்தே பார்ப்பார். பயிர் பார்க்கிற மாதிரி. எல்லாம் பச்சையாக இருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிடுவார்.

விலக்கு வாங்கிய பாடமும் பச்சையில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாது. காலோ கையோ முறிந்து உடற்பயிற்சி வகுப்புக்கு வர முடியாத பிள்ளைக்கு மருத்துவர் கடிதத்தின் பேரில் ஒரு பருவம் விலக்கு உண்டு. விலக்கு என்றால் அந்தப் பருவம் மைதானத்துக்கு வரவேண்டாம் என்று பொருள். அரை கிரெடிட் தானாக வந்து பையில் விழுந்துவிடும் என்று பொருளில்லை. வேறொரு பருவத்தில் அந்த வகுப்பை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் இருபத்து நான்கு கிரெடிட்டுக்குப் பதில் இருபத்து மூன்றரை. இருபத்து மூன்றரைக்குப் பள்ளி முடித்த சான்றிதழ் கிடையாது. கையேட்டில் பதினோராம் பக்கம், மூன்றாவது பத்தி.

இந்த வருஷம் ஜனவரியில் பற்றாக்குறைப் பட்டியல் எடுத்தேன். யாரும் கேட்டு எடுப்பதில்லை. நானாக எல்லாக் கோப்புகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, யாருக்கு எது குறைகிறது என்று எழுதி வழிகாட்டியிடம் கொடுப்பது என் வழக்கம். ஐந்து பேர் அகப்பட்டார்கள். நான்கு பேர் கணிதத்தில் சிவப்பு. ஐந்தாவது பெயர் கல்லுக்காரி.

கல்லுக்காரி என்று நான்தான் வைத்தேன். பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகள். பையில் தண்ணீர் பாட்டில் செருகுகிற இடத்தில் கல் வைத்திருப்பாள். நிலவியல் படிக்க வேண்டுமாம். அதை ஒழுங்காகச் சொல்லித்தருகிற கல்லூரி ஒன்றே ஒன்றுதான், அதிலும் வருஷத்துக்கு முப்பது பேர்தான். ரோட்டில் கிடக்கிற கல்லைப் படிக்க நாலு வருஷமா என்று ஒரு நாள் கேட்டேன். ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று படிக்கத்தான் மேடம் என்றாள். வாயாடி. பத்தாம் வகுப்பில் கணுக்கால் முறிந்து ஒரு பருவம் உடற்பயிற்சிக்கு விலக்கு வாங்கியிருந்தாள். அப்புறம் எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்ல வேண்டியவர் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

பட்டியலை அவர் மேசையில் வைத்து, தபால் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டேன். கல்லுக்காரியின் பெயருக்கு நேரே 'உடற்பயிற்சி, அரை' என்று என் கைப்பட எழுதியிருந்தேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே சிரிக்கிற முகம் ஒன்று வேறு வரைந்தார். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே பட்டியலை பலூன் பம்புக்கு அடியில் செருகினார்.

அவர் அறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. கண்ணாடிக் கதவு. சிவப்பு நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அப்புறம் கல்லுக்காரியின் திரையைத் திறந்தார். பச்சை. மூடிவிட்டார்.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? எழுதிக் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று. நான்கு வருஷமாக அந்த மனிதர் செய்த ஒவ்வொரு கோளாறையும் ஓசைப்படாமல் நான் சரிசெய்து, அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர் கேடயம் அவருக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது கேடயம் வைக்கிற அலமாரியின் சாவி. இந்தத் தடவை குட்டு வெளிப்படட்டும் என்று இருந்துவிட்டேன். மே மாதம் பள்ளி முடிப்பவர்களின் இறுதிப் பட்டியல் வரும், அதில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது, அப்போது தெரியும் சேதி.

வீட்டில் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் லிப்ட் மெக்கானிக். நான் ஊரைத் திட்டுவதை இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு, பாதிக் காதோடு கேட்கப் பழகிவிட்டவர். அன்றைக்கு என்னவோ முழுக் காதையும் கொடுத்தார். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா என்று கேட்டார். அது என் வேலையில்லை என்றேன். ஜன்னலில் இருப்பவர் மாணவருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்று சுற்றறிக்கையே இருக்கிறது, பலூன் சார் வந்த புதிதில் அவர் கேட்டு வாங்கிய சுற்றறிக்கை. கணவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் இவர் யார் வேலை என்றா பார்ப்பார், ஓடுவார். அதனால்தான் இன்னும் மெக்கானிக்காகவே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் கல்லுக்காரி ஆறு தடவை என் ஜன்னலுக்கு வந்தாள். மதிப்பெண் பட்டியலின் நகல் வேண்டும், அதில் முத்திரை வேண்டும். கல்லூரிக்கு மூன்று, விடுதிக்கு ஒன்று, கட்டணச் சலுகைக்கு ஒன்று, தண்ணீர் பட்டு நனைந்துவிட்டது என்று மறுபடியும் ஒன்று. ஆறு தடவையும் அந்த வரி என் கண்ணில் பட்டது. உடற்பயிற்சி, விலக்கு, பூஜ்யம். ஆறு தடவையும் அதற்குக் கீழே முத்திரை குத்தினேன். நீல மையில் நிரப்பு, கறுப்பு மையில் நிரப்பினால் நகல் என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவளே அந்த வரியில் விரலை வைத்தாள். விலக்கு என்று போட்டிருக்கிறதே, பரவாயில்லையா மேடம் என்று கேட்டாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அதையெல்லாம் உன் வழிகாட்டியிடம் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் திரையைத் திறந்தார், கட்டைவிரலைத் தூக்கினார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊது, இன்னும் ஊது என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் என் ஜன்னலுக்குத்தான் ஓடி வந்தாள், ஏன் என்று தெரியவில்லை. பள்ளி முடித்த சான்றிதழ் ஜூன் பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று அதில் அச்சடித்திருந்தது. தேதியைப் பார்த்துக்கொள் என்றேன். சரி மேடம் என்று சிரித்தாள். பலூன் சார் அவள் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, சுற்றிலும் காகித நட்சத்திரம் வைத்தார். பசைக் கிண்ணத்தை மட்டும் திறந்தே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதையும் நான்தான் மூடினேன்.

மே பதினாறாம் தேதி இறுதிப் பட்டியலை அதே பலகையில் நானே குத்தினேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பெயர். கல்லுக்காரி வந்து பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு கீழிருந்து மேலே. பக்கத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது. தோழிகள் இருவர் அச்சுப் பிழையாக இருக்கும் என்று அவளை இழுத்துப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பார்த்துக்கலாம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் வயதுவரை வந்துவிட்ட அம்மாள் அவர். கல்லுக்காரி வந்தாள். அவள் அப்பா இரவுப் பணி முடிந்து சீருடையோடு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. படித்துப் புரிந்துகொண்டோம் என்று தான்தான் கையெழுத்துப் போட்டதாகவும், படிக்கவில்லை என்றும், தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். இருபத்தோரு வருஷத்தில் அந்த உண்மையைச் சொன்ன முதல் பெற்றோர்.

பலூன் சார் வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரையில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது என்று மூன்று தடவை சொன்னார். தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். இந்த நேரத்துக்காகத்தானே நான்கு மாசமாகக் காத்திருந்தேன். தபால் பதிவேட்டைத் திறந்து, அடையாளச் சீட்டு வைத்திருந்த பக்கத்தை மேசையில் விரித்தேன். பட்டியலின் நகலைப் பக்கத்தில் வைத்தேன். கையெழுத்து, தேதி, சிரிக்கிற முகம். பலூன் சார் அதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்படி ஒரு நிறைவு. பதிவேட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

கல்லுக்காரி எழுந்து வந்து குனிந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

"இது எப்ப எடுத்தது மேடம்?"

"ஜனவரி ஒன்பது" என்றேன்.

"நான் பிப்ரவரியில உங்ககிட்ட வந்து கேட்டேன். விலக்குன்னு இருக்கே, பரவாயில்லையான்னு."

"வழிகாட்டியைக் கேக்கச் சொன்னேனே."

"அவருக்குத் தெரியாதுன்னும் உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சுற்றறிக்கையின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். எண் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆறு முத்திரைகள்தான் வந்தன. அவள் அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. இந்த அம்மாளுக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

தலைமை ஆசிரியை பார்த்துக்கலாம் என்றார். என்னத்தைப் பார்ப்பது? வழி ஒன்று இருப்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், கையேட்டில் பதினான்காம் பக்கம். தவறவிட்ட உடற்பயிற்சி அரை கிரெடிட்டை அறுபது மணி நேரத் தனிப்பயிற்சியால் ஈடுகட்டலாம். நடந்தாலும் போதும். நிரந்தரப் பணியாளர் ஒருவர் கூடவே இருந்து, தினமும் தொடங்கிய நேரம் முடித்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு போக ஜூன் பத்துக்குள் இருபது நாள் இருந்தது. நாளைக்கு மூன்று மணி நேரம். இதைச் சொல்லி முடித்ததும் உடற்பயிற்சி ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் கழுத்தில் விசிலோடு வந்தார், காலை நேரம் தன் கால அட்டவணையில் இல்லை என்றார், விசிலோடு திரும்பிப் போனார்.

கையைத் தூக்கியிருக்க வேண்டியவள் நான்தான். தூக்குவதற்குள் பலூன் சார் எழுந்துவிட்டார்.

"நான் நடக்கிறேன்மா உன்கூட. தப்பு என்னோடது. காலைல ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றார்.

மூன்று நாளில் கழன்றுகொள்வார் என்று வீட்டில் பந்தயம் கட்டினேன். முதல் நாள் தோல் ஷூவில் வந்து இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டது. இரண்டாம் நாள் யாருடைய கேன்வாஸ் ஷூவோ, அளவு பெரிது. தொந்தி முன்னால் போக, அவர் பின்னால் போக, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நட்சத்திரம், மலை உச்சி ஒன்றும் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் அவள் ஏதோ ஒரு கல்லைக் காட்டிச் சொல்லிக்கொண்டு வருகிறாள், அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வருகிறார். அந்த மனிதர் யார் பேசியும் கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

நான் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தேன். கோப்பு நிறைய இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். நீயும் நடக்கலாம்ல என்றார். முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை பலூன் சாரிடம், அவர் கால் புண் ஆறட்டும், ஒரு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். முகம் மலர்ந்து அவளிடம் கேட்கப் போனார். அவள் தலையை ஆட்டியது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அவர் திரும்பி வந்து, அவளுக்கு என்னோட நடந்தே பழகிப்போச்சு மேடம், வேற ஒண்ணுமில்ல என்று பூசி மெழுகினார். எனக்காக ஒருத்தர் பூசி மெழுகும் நிலைமை, அதுவும் இவர். கல்லுக்காரி ஏதாவது சீட்டு வேண்டுமென்றால் ஒன்றாம் எண் ஜன்னலுக்குப் போனாள். அங்கே இருப்பவள் எதையும் இரண்டு தடவை தேடுவாள். இவள் பொறுமையாக நின்றாள்.

ஜூன் பத்தாம் தேதி கடைசி நடை முடிந்தது. பலூன் சார் பதிவுத் தாளை என் மேசையில் வைத்தார். இருபது வரி, இருபது கையெழுத்து, கீழே அறுபது. ஒரு கையெழுத்துக்குக் கீழேயும் சிரிக்கிற முகம் இல்லை. காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்று மதியம் மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். ஏற்றிவிட்டால் சான்றிதழ் அதிலிருந்தே கல்லூரிக்குப் போய்விடும். அது கூட்டுத்தொகையை நம்பாது, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் கேட்டுத் தானே கூட்டிக்கொள்ளும். அதில் மட்டும் எனக்கும் அதற்கும் ஒரே குணம். எட்டாவது நாளில் நின்றேன். அன்றைக்கு மழை, இடி. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்ததாக ஒழுங்காக எழுதியிருந்தார். பக்கத்தில் பழக்கதோஷத்தில் மூன்று என்று போட்டிருந்தார். ஐம்பத்தொன்பதரை.

தப்பான கூட்டல், கீழே அவர் கையெழுத்து. இதைக் கொண்டுபோய் வைத்தால் தலைமை ஆசிரியைகூடப் பார்த்துக்கலாம் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு முழு நிமிஷம் அது நாக்கில் இனித்தது. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. ஜன்னலை இழுத்து மூடினேன். நான்கு மணிக்கு முன்னால் அந்த ஜன்னல் மூடியதில்லை. வரிசையில் நின்ற ஒருவர் மேடம் மேடம் என்றார். நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கல்லுக்காரி நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாளை நீட்டி எட்டாவது வரியைக் காட்டினேன். அரை மணி நேரம் குறைகிறது, ஐந்துக்குள் ஏற்ற வேண்டும், சார் இல்லை, நான் நிரந்தரப் பணியாளர்தான், என் கையெழுத்துச் செல்லும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"இப்பதான். அஞ்சு நிமிஷம் ஆச்சு."

அவள் நூலகத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் சொன்னது சரியா என்று பார்த்தாள்.

"போன தடவை நாலு மாசம் ஆச்சு" என்றாள்.

மைதானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று முப்பதுக்குத் தொடங்கினோம். அவள் முன்னால் போனாள். நான் செருப்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். நான் வருகிறேனா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்காக நடையைக் குறைக்கவும் இல்லை. இரண்டாவது சுற்றில் மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். கேட்டிருக்கும், நான்கடி தூரம்தான். அவள் அதே வேகத்தில் நடந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பலூன் மேல் வரவழைத்துக்கொள்ளப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. மீதி இருந்தது நான் ஒருத்திதான்.

நான்கு மணிக்கு நின்றோம். தாளைத் தூணில் வைத்து இருபத்தோராவது வரியை எழுதினேன். எட்டாவது வரியைத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். கீழே மறுபடி கூட்டி அறுபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏற்றிவிடலாம் என்று புறப்பட்டேன்.

"கொடுங்க மேடம்" என்று கையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு நிழலில் போய் நின்றாள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என் கூட்டல் எல்லாவற்றையும் உதடு அசையச் சரிபார்த்தாள். முடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். நான் வெயிலில் நின்று காத்திருந்தேன்.